பாசி தின்னும் இறாலும் புதுச்சேரித் தண்ணீரும்

இலக்கியம் பேசும் இடத்தில் இறாலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நெய்தல் திணையை வகுப்பில் நடத்திவிட்டு வீடு திரும்புவோர் நெய்தலின் உயிர்களைப் பற்றி இரண்டு சொல் பேசினால் குடி முழுகிவிடாது. மேலும் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நம் ஊரில் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் எண்ணற்ற சிற்றுயிர்கள் கண்ணாடித் தொட்டிகளுக்குள் வெந்து சாகின்றன. அவற்றை வாங்கியவர்கள் கொடியவர்கள் அல்லர், விற்றவர்களும் அல்லர். கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் நீர்த்தாவரத் தொட்டி வைப்பது இப்போது ஒரு மோகமாகவே பரவியிருக்கிறது. முன்பெல்லாம் கண்ணாடித் தொட்டி என்றால் அடியில் நீலக் கூழாங்கல், நடுவில் வாய் திறந்து மூடும் ஞெகிழிச் சிப்பி, மேலே இரண்டு தங்கமீன். இன்று இலாசுப்பேட்டை வீட்டு வரவேற்பறையிலும் கடற்கரையை ஒட்டிய விருந்தினர் விடுதிகளின் முகப்பிலும் குட்டிக் காடுகளே நீருக்குள் நிற்கின்றன. இந்தக் காடுகளை வளர்ப்போர் அனைவர்க்கும் ஒரே துன்பம்: பாசி. கடைக்காரர்களிடம் அதற்கு ஒரே மருந்து. "ரெண்டு டஜன் இறால் போடுங்க சார், ஒரே வாரத்துல தொட்டி பளிச்சுன்னு ஆயிடும்." சென்னைக் கொளத்தூரிலிருந்து நெகிழிப் பைகளில் காற்றடைத்து வரும் சரக்கு அது. எந்த இறால், எந்தப் பாசிக்கு, எந்தத் தண்ணீரில் என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கடைக்காரரின் விடை பாதி சரி என்பதே நமது கருத்து. மற்றப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியுள்ளது.

முதலில் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பழந்தமிழில் இறால் என்றால் தேனடை. நாம் இன்று குழம்பு வைக்கும் உயிர்க்கு அக்காலப் பெயர் இறவு, இறா. தேன்கூட்டின் பெயர் எப்படி நீருக்குள் இறங்கிற்று என்பதை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நம் ஊர் அடுக்களைக்கு இன்னொரு பெயரும் உண்டு: கூனி. வெயிலில் காய்ந்து சென்னாக்கூனியாகிச் சந்தைக்கு வருகிறதே, அந்தச் சிற்றிறால். தொட்டியில் பாசி மேயும் இறால் அளவில் இந்தக் கூனிக்குத்தான் நெருக்கம்; செர்ரி இறால் முழு வளர்ச்சியிலும் மிகச் சிறியதுதான். ஆனால் கூனி கடலுயிர், இது நன்னீர் உயிர். சட்டியில் போட்டால் ஒன்றுபோலத் தோன்றலாம்; உறவுமுறை வெகு தூரம்.

பெயர்க்குழப்பம் பாசியிலும் உண்டு. உயிரியலார் ஆல்கா என்பதற்கும் பாசி என்கிறோம், ஈரச் சுவரில் படர்வதற்கும் பாசி என்கிறோம், பூத்துக் காய்க்கும் முழுமையான நீர்ச்செடியான வேலம்பாசியையும் அப்படியே அழைக்கிறோம். அரிக்கமேட்டில் கிடைக்கும் கண்ணாடி மணியும் பாசிமணிதான். இந்தத் தாராளம் கவிதைக்கு நன்று, தொட்டிக்கு ஆகாது. ஏனெனில் எல்லாப் பாசியும் ஒன்றன்று. எல்லாவற்றையும் இறால் தின்பதுமில்லை.

புதிதாக வைத்த தொட்டியில் முதல் சில வாரங்களில் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்பு நிறத்தில் துகள்போலப் படிவது டயட்டம் என்னும் சிலிக்காக் கூடுடைய நுண்பாசி. இறால் இதை விரும்பித் தின்னும். தின்னாவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். பச்சை நூலாக இழையோடும் நூற்பாசி, இளசாக இருக்கையில் இறாலுக்கு நல்ல உணவு. முற்றி முரடானால் சீந்தாது. கண்ணாடியில் கெட்டியாக ஒட்டும் பச்சைப் புள்ளிப் பாசியைச் சுரண்டும் வலு இறாலின் வாயுறுப்புக்கு இல்லை. அதற்குச் சில நத்தைகளோ உங்கள் கையிலுள்ள பழைய சவரத் தகடோதான் வேண்டும். தண்ணீரே பச்சைக் கஷாயமாக மாறுவது மிதக்கும் ஒற்றைச்செல் பாசியால். அதை இறாலால் வடிகட்ட முடியாது. இலையோரங்களில் தாடிபோல முளைக்கும் கரும்பாசி நடைமுறையில் இறாலுக்கு வேண்டாப் பொருள். (பெயர்தான் கரும்பாசி, வகைப்பாட்டில் அது செம்பாசி இனம். கொஞ்சம் பறித்துச் சாராயத்தில் போட்டுப் பாருங்கள், சிவக்கும். புதுச்சேரியில் இந்தச் சோதனைக்குப் பொருள் கிடைப்பது கடினமன்று.) நீலப்பச்சையாக வழவழவென்று போர்த்திக்கொண்டு நாற்றமடிப்பது பாசியே அன்று, ஒரு வகை பாக்டீரியா. அதை இறால் தொடாது.

ஆகவே உங்கள் தொட்டியில் இருப்பது எது என்று பார்க்காமல் இறால் வாங்குவது, நோயைப் பாராமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவதைப் போன்றது. அதைவிட முதன்மையானது, பாசி ஏன் வருகிறது என்பது. மிகுந்த ஒளி, மிகுந்த தீனி, குறைந்த செடி: பெரும்பாலான தொட்டிகளில் காரணம் இம்மூன்றுக்குள் அடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விளக்கு எரிகிறது. போதாக்குறைக்குச் சன்னல் வெயிலும் விழுகிறது. மீனுக்கு மூன்று வேளை விருந்து. பிறகு பாசி வராமல் என்ன செய்யும்? குறுந்தொகையில் பரணர் தலைவியின் பசலைக்கு ஊர்க்கிணற்றுப் பாசியை உவமையாக வைத்தார். கை பட்டால் ஒதுங்குவதும் கை எடுத்தால் கூடுவதும் பாசியின் இயல்பு என்பதை அவர் நீர்த்துறையில் நின்று கவனித்திருக்கிறார். தொட்டிப் பாசியும் அப்படித்தான். இறாலை விட்டால் ஒதுங்கும். ஒளியும் தீனியும் குறையாதவரை மீண்டும் மூடும். விளக்கை ஆறேழு மணி நேரமாகக் குறைத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றி, வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டால் பாசியின் முக்கால் பங்கு செலவில்லாமல் அடங்கும். அதற்குத் தாய்லாந்துச் செடியும் வேண்டா. வேலம்பாசியே போதும். ஔவை நட்புக்கு எடுத்துக்காட்டாக்கிய கொட்டியின் இனத்துச் செடிகள் உலகெங்கும் தொட்டிகளில் வளர்கின்றன. நினைவாற்றலுக்கென்று நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் நீர்ப்பிரமி, நீருக்குள்ளும் நன்றாக வளரும் அழகிய தொட்டிச் செடி. இவையெல்லாம் செய்தும் எஞ்சும் கால் பங்குக்குத்தான் இறால்.

இனி, எந்த இறால்?

ஏரியில் வலை வீசுவோரிடம் பத்து ரூபாய்க்கு ஒரு கை அள்ளி வந்து தொட்டியில் விடும் சிக்கனக்காரர்கள் உண்டு. அவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஏரி, வாய்க்கால்களில் எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் மேக்ரோபிராக்கியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. ஏற்றுமதியாளர்கள் ஸ்காம்பி என்று சொல்லும் பெரிய நன்னீர் இறாலின் தம்பிமார்கள். இவை பாசி மேய்ப்பவை அல்ல. கிடைத்ததைத் தின்பவை, வாய்ப்புக் கிடைத்தால் உறங்கும் மீனின் வாலையும் கடிப்பவை. கண்டறிவது எளிது. இரண்டாம் இணைக் கால்கள் நீண்டு நுனியில் இடுக்கியோடு இருந்தால் அது வேட்டையாடி. பாசி மேயும் அட்டிடே குடும்பத்து இறாலுக்கு முன்னிரண்டு இணைக் கால்களும் குட்டையாக, நுனியில் மயிர்க்கற்றை வைத்த தூரிகைபோல இருக்கும். அந்தத் தூரிகையால் இலையைத் துடைத்துத் துடைத்து வாய்க்குக் கொண்டுபோகும். ஓர் இறால் மேய்வதை அரைமணி நேரம் பார்த்திருப்பவர்க்கு வேறு தியான வகுப்பு தேவையில்லை.

இந்தத் துறையின் பெரும்புகழ் இறால் அமானோ. ஜப்பானின் நீகாத்தாவில் 1954இல் பிறந்து 2015இல் மறைந்த தக்காஷி அமானோ மிதிவண்டிப் பந்தய வீரராகவும் நிழற்படக் கலைஞராகவும் இருந்தவர். நீர்த்தாவரத் தொட்டியை ஒரு நிலக்காட்சிக் கலையாக்கியவர் அவரே. லிஸ்பன் நகரத்து மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்தில் அவர் அமைத்த நீரடிக் காடு அவர் மறைந்த அதே 2015இல்தான் திறக்கப்பட்டது. 1980களில் அவர் தம் தொட்டிகளில் பாசியைக் கட்டுப்படுத்தக் கையாண்ட இறால் அவர் பெயராலேயே உலகெங்கும் விற்பனையாகிறது. அறிவியல் பெயர் கரிடினா மல்டிடென்டாட்டா. ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும், கண்ணாடி உடலில் பக்கவாட்டில் புள்ளிக்கோடு. நூற்பாசி தின்பதில் இதற்கு நிகர் வேறு இறால் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்படியானால் இதையே வாங்கிவிடலாமே? நாம் வேண்டாம் என்போம். காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. தாய் இறால் நன்னீர் ஓடையில் வாழ்ந்தாலும் பொரிக்கும் இளவுயிரி கடலுக்குப் போய் உப்புநீரில் வளர்ந்துதான் மீண்டும் ஓடையேறும். வீட்டுத் தொட்டியில் முட்டை சுமக்கும், குஞ்சு நிலைக்காது. உப்புநீர்த் தொட்டி தனியே வைத்து வளர்த்தெடுத்தவர்கள் உண்டு, ஆனால் அது அரும்பாடு. எனவே கடைக்கு வரும் அமானோவில் மிகப் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பிடிக்கப்பட்டது. எங்கோ ஓர் ஓடையில் பிடிபட்டு, விமானமேறி, கொளத்தூரில் இறங்கி, பேருந்தில் புதுச்சேரி வந்து, நம் தொட்டியில் முதல் கோடையைக் காணும்முன் மடிவதற்காக ஓர் உயிரை வரவழைப்பது நமக்கு உவப்பாக இல்லை. குளிரூட்டிய அறையில் பெரிய தொட்டி வைத்திருப்போர், நூற்பாசியால் அல்லற்படுவோர், ஐந்தாறு வாங்கலாம். ஏனையோர்க்கு இது தேவையில்லை.

அடுத்தது செர்ரி இறால். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று துணிக்கடைபோல நிறங்கள் காட்டுவது. காட்டு நிலையில் இது மங்கிய பழுப்பு உயிர்தான். தைவானில் தெரிந்தெடுத்து வளர்த்து வளர்த்துச் சிவப்பாக்கினார்கள். இதன் அறிவியல் பெயரைப் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்: நியோகரிடினா தவிதி. சீனத்தில் உயிரின மாதிரிகள் திரட்டிய பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் தவீதின் பெயர் அது. பாண்டா கரடியை ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. இந்த இறாலை 1904இல் விவரித்துப் பெயரிட்டவர் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எழேன் லூயி புவியே. செர்ரி இறால் நன்னீரிலேயே குஞ்சு பொரிக்கும், இளவுயிரிப் பருவமில்லாமல் குட்டி இறாலாகவே வெளிவரும். பத்து வாங்கினால் சில மாதங்களில் நூறாகும். விலையும் கட்டுப்படியாகும். பாசி மேய்வதில் அமானோவுக்குப் பின்தான். ஆனால் ஐம்பது செர்ரி சேர்ந்தால் ஐந்து அமானோவின் வேலையைச் செய்துவிடும். நிறம் கலந்து வாங்க வேண்டா. சிவப்பும் நீலமும் ஒரே தொட்டியில் கூடினால் சில தலைமுறைகளில் எல்லாம் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். வளர்ப்போர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நமக்கோ அந்தப் பழுப்பின்மேல் ஒரு மரியாதை உண்டு.

இப்போது நாம் உண்மையில் பரிந்துரைக்க விரும்பும் மூன்றாவதற்கு வருவோம். கீ பபோ என்னும் பிரெஞ்சுப் பயணி 1914இல் இந்தியாவின் மத்திய மாகாணங்களிலும் மேற்கு இமயப் பகுதியிலும் சுற்றி உயிரின மாதிரிகள் சேகரித்தார். அவர் நன்னீர்களில் திரட்டிய இறால்களை ஆராய்ந்தவர் அதே புவியே. 1918இல் அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் கரிடினா பபால்டி. ஐரோப்பிய, அமெரிக்கத் தொட்டிகளில் இது பபால்டி இறால் என்றே பெயர்பெற்றது. பச்சை, பழுப்பு, மஞ்சள், சில வேளை செம்மை, முதுகில் வரிகள். நிறம் நாளுக்கு நாள் மாறும், அஞ்சும் இயல்பு அதிகம், இலைக்கடியில் ஒளியும். நன்னீரிலேயே இனம் பெருக்கும். நம் வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும் என்பது வளர்ப்போர் அனுபவம். இந்திய மண்ணின் இறால் இது. ஆனால் நம்மூர்க் கடைகளில் தைவான் சிவப்புக்கு இருக்கும் இடம் இதற்கில்லை. கேட்டால் "அது கலர் இல்லையே சார்" என்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் வாழ்ந்த ஊரில், பிரெஞ்சுக்காரர் பெயரே தாங்கிய இந்திய இறாலைக் கேட்டு வாங்க ஆளில்லை என்பது விந்தைதான். இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்நாட்டு இறால் என்பதாலேயே ஓடையிலிருந்து அள்ளி வந்ததை வாங்கலாம் என்பதில்லை. தொட்டியில் பெருக்கியதா என்று கேளுங்கள். கேட்பவர் கூடினால் பெருக்குபவரும் கூடுவர்.

கிரிஸ்டல் என்னும் செவ்வெள்ளை வரி இறால்களைப் பற்றி ஒரே சொல்: வேண்டா. 21 முதல் 24 பாகை வெப்பத்தில், மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் வாழ்பவை. குளிர்விப்புக் கருவி வாங்க வசதியுள்ளவர்க்கே அவை. அழகு கண்டு வாங்கி அழுதவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி நம் தண்ணீர். பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் ஒரு தண்ணீர்க் கதையின் நினைவுச்சின்னம் என்பதை நகரத்துக்கு வரும் பயணிகளில் எத்தனைபேர் அறிவர்? தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் ஆயி என்னும் பொதுமகள் என்பது மரபு. பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரைப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்தபோது பிரெஞ்சு அரசு அவள் பெயருக்கு எடுத்த மண்டபம் அது. இன்றும் நகரம் நிலத்தடி நீரை நம்பியே வாழ்கிறது. கடலோரமாதலால் உறிஞ்ச உறிஞ்ச உப்பேறுகிறது. சில தெருக்களில் குழாய்நீர் இறாலுக்கு இனியது. சிலவற்றில் அடுப்பில் வைத்தால் வெள்ளைப் படிவம் விழும் கடின நீர். இதற்கு அஞ்சிப் பலர் கேன் தண்ணீரை, அதாவது எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்த நீரை மட்டும் தொட்டியில் நிரப்புகிறார்கள். மீன் ஒருவாறு பிழைக்கும். இறால் பிழைக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை பழைய ஓட்டை உரித்துப் புது ஓடு கட்டுவதே இறாலின் வாழ்வு. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். உப்பெல்லாம் வடித்த வெறும் நீரில் ஓடு உரியும்போதே நடு முதுகில் வெள்ளை வளையம் விழுந்து மடியும். செர்ரிக்கும் பபால்டிக்கும் நடுத்தரக் கடினமே ஏற்றது. குழாய்நீரையும் கேன் நீரையும் கலந்து அந்த நடுவைப் பிடிக்கலாம். கடினத்தன்மை பார்க்கும் சொட்டுமருந்துச் சோதனைப்பெட்டி ஒன்று, இரண்டு டஜன் இறாலைவிட விலை குறைவுதான். குளோரின் கலந்த நகராட்சி நீரை ஒருநாள் திறந்து வைத்து, அல்லது குளோரின் நீக்கும் மருந்திட்டே ஊற்ற வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது.

எல்லோரும் அறியாதது செம்பு. செப்புக் குடத்து நீர் உடலுக்கு நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். இறாலுக்கு அது நஞ்சு. இதில் ஒரு வேடிக்கை உண்டு: இறாலின் குருதியில் உயிர்வளியைச் சுமப்பதே செம்புதான். நமக்கு இரும்பு போல அதற்குச் செம்பு. அதனால்தான் அதன் குருதி நீலச்சாயல் கொள்கிறது. ஆயினும் நீரில் கரைந்த செம்பு சிறிதளவு கூடினாலும் கொன்றுவிடும். மீன் நோய்க்கும் நத்தை ஒழிப்புக்கும் விற்கும் மருந்துகள் பலவற்றில் மயில்துத்தம் இருக்கிறது. போர்தோ கலவை என்று தோட்டக்காரர்கள் தெளிப்பதும் அதே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களில் 1880களில் பிறந்த பூஞ்சைக்கொல்லி. நாற்றுப் பண்ணையிலிருந்து வரும் செடியைப் பல நாள் தனி வாளியில் போட்டு நீர் மாற்றி மாற்றி அலசாமல் இறால் தொட்டியில் வைக்காதீர்கள்.

அடுத்த எதிரி கொசு மருந்து. கொசு முதலிய நோய்பரப்பிகளை ஆராயும் மத்திய ஆய்வு மையம் 1975 முதல் இவ்வூரில் இயங்குகிறது என்பதிலிருந்தே நம் கொசுக்களின் தகுதியை உணரலாம். இரவெல்லாம் மின்செருகியில் புகையும் திரவத்திலும் சுருளிலும் தெளிப்பானிலும் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு, பூச்சிக்கும் இறாலுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. இரண்டும் கணுக்காலி இனம். படுக்கையறையில் இறால் தொட்டி வேண்டா. தெருவில் புகையடிக்கும் மாலைகளில் சன்னலைச் சாத்தி, தொட்டியை மூடி, காற்றுக் குழாயின் மோட்டாரைச் சற்று நேரம் நிறுத்திவைப்பது நல்லது. அது அறைக்காற்றை அப்படியே நீருக்குள் செலுத்துகிறது. மறுநாள் காலையில் கூட்டமாகச் செத்துக்கிடக்கும் இறால்களுக்குப் பலரும் நீரின் காரத்தன்மையைக் காரணம் சொல்கிறார்கள். முந்தின மாலை அறையில் என்ன அடித்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது வெப்பம். 20 பாகை நீர் ஏறத்தாழ லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். குறைந்த அதே வேளையில் இறாலின் உடல் இயக்கம் கூடி அதற்கு மூச்சு அதிகம் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பத்தின் நிலைதான். செர்ரி இறாலுக்கு 22 முதல் 28 வரை நலம். 30ஐத் தாண்டினால் இனப்பெருக்கம் தளரும், பலவீனமானவை மடியத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் மாடி வீட்டுத் தொட்டி 32ஐத் தொடுவது இங்கே இயல்பு. தொட்டியின் மேல்மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின்மீது சிறு விசிறி ஒன்றை வைத்தால் ஆவியாதலால் இரண்டு பாகையாவது குறையும். கடற்காற்று ஈரமாக வீசும் நாளில் பயன் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் கேன் நீரை ஊற்ற வேண்டும். குழாய்நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு மேன்மேலும் செறியும். விளக்கை உச்சிப்பொழுதில் அணைத்து மாலையில் எரிய விடலாம். பனிக்கட்டி போடுவோரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். ஏறி இறங்கும் வெப்பம் நிலையான வெப்பத்தைவிடக் கெடுதி. இறால் வாங்க உகந்த காலம் ஐப்பசிக்கும் தைக்கும் இடையே. பங்குனியில் வாங்குவது அதைக் கொல்ல வாங்குவது.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை குறைவு. புதுத் தொட்டியில் உடனே விட வேண்டா. செடி வேர்பிடித்து, கல்லிலும் கட்டையிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்ப்படலம் படிய ஒன்றரை மாதமாவது ஆகும். அந்தப் படலமே இறாலின் அன்றாடச் சோறு, பாசி தொடுகறி. பையிலுள்ள நீரோடு தொட்டி நீரைச் சொட்டுச்சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்கிய பின் விட வேண்டும். 60 லிட்டர்த் தொட்டிக்குப் பதினைந்து போதும், பெருகிவிடும். ஏஞ்சல் மீன், தங்கமீன், பார்ப் வகைகள் உள்ள தொட்டியில் இறால் விடுவது அவற்றுக்கு விலையுயர்ந்த தீனி போடுவதே. கப்பி மீனும் குட்டி இறாலைப் பதம் பார்க்கும். அடர்ந்த பாசிச்செடி இருந்தால் கொஞ்சம் தப்பும். பாசி தீர்ந்தபின் இறாலுக்கு வேறு உணவு தர வேண்டும் என்பதை மறந்து பட்டினி போடுவோரும் உளர். துப்புரவு வேலைக்கு ஆள் வைத்துவிட்டு, குப்பை தீர்ந்ததும் கூலியில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வெந்த கீரைத்தண்டு, சுரைக்காய்த் துண்டு போதும். காய்ந்த பாதாம் இலை மிக நன்று; நம் கடற்கரையோரத் தெருக்களில் அதற்கா பஞ்சம்?

பெருகியதை என்ன செய்வது என்பதில்தான் நமக்குப் பெருங்கவலை. "ஏரியில விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்" என்கிறார்கள். பாசி தின்னும் என்று இதே கடைகள் விற்ற இன்னொரு உயிர் என்ன செய்தது என்பதைப் பாருங்கள். டேங்க் கிளீனர் என்ற பெயரில் வந்த தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, அரை அடி வளர்ந்ததும் வீடுகளிலிருந்து குளங்களுக்குத் துரத்தப்பட்டது. இன்று கேரளம், ஆந்திரம், வங்கம், தமிழகம் என்று எங்கும் அதுதான். கரையைத் துளையிடுகிறது, முள் துடுப்பால் வலையைக் கிழிக்கிறது. வலையில் விழுந்தாலும் வாங்க ஆளில்லை. செர்ரி இறாலும் அப்பாவியன்று. ஜெர்மனியில் மின்னிலைய வெந்நீர் கலக்கும் ஓடையொன்றில் தொட்டியிலிருந்து தப்பிய செர்ரி குடியேறி நிலைத்துவிட்டது. குளிர் நாட்டில் அதற்கு வெந்நீர் தேடவேண்டியிருந்தது. இங்கே அந்தத் தேவையில்லை. புதுச்சேரிப் பகுதியில் ஏரிகள் 84. வலசைப் பறவைகள் வரும் ஊசுட்டேரி 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த நீரில் நம் சிற்றிறால்கள் ஏற்கெனவே தமக்குரிய இடத்தில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றோடு உணவுக்குப் போட்டியிடவும், கூடவே கொளத்தூரிலிருந்து கூட்டிவந்த ஒட்டுண்ணிகளைப் பரப்பவும் நம் வீட்டுச் சிவப்பு அங்கே போக வேண்டியதில்லை. தொட்டி நீரைக்கூட வாய்க்காலில் கொட்டாமல் பூச்செடிக்கு ஊற்றுவதே முறை; குஞ்சு இறால் மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணில் படாது.

மிகுந்தால் நண்பர்க்குக் கொடுங்கள். கடைக்காரர்கள் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. நம் கல்லூரி விலங்கியல் துறையினர் சென்ற கார்த்திகையில் ஒரு ஜாடி நிறைய வாங்கிப்போனார்கள்; தூரிகைக் காலை மாணவர்க்கு நுண்ணோக்கியில் காட்டுவதற்காம். தமிழ்த்துறை மாணவர்கள் சிலரும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள்.